இரண்டு நொடி படம் வந்து இருண்டுபோகும் மானிட்டர்: பேக்லைட் பழுதைச் சரிசெய்வது எப்படி?

கேள்வி இதுதான்: 19 அங்குலப் பழைய எல்சிடி மானிட்டர். பட்டனை அழுத்தினால் படம் வருகிறது, இரண்டு நொடியில் திரை கறுத்துவிடுகிறது. முன்பக்கப் பச்சை விளக்கு மட்டும் எரிந்துகொண்டே இருக்கிறது. அணைத்துவிட்டுப் போட்டால் மறுபடியும் அதே இரண்டு நொடி. வீட்டிலேயே சரிசெய்ய முடியுமா, இல்லை பேனலையே, அதாவது திரைப் பாகத்தையே, மாற்ற வேண்டுமா?

பேனலை மாற்றும் பேச்சே இப்போது வேண்டாம். இரண்டு நொடியானாலும் படம் முழுதாக வருகிறது என்றால் பேனல், மெயின் போர்டு, இரண்டுக்கும் நடுவே போகும் கேபிள் எல்லாம் நன்றாக இருக்கின்றன. போயிருப்பது வெளிச்சம் மட்டும். இந்தப் பழுதில் முதலில் சந்தேகப்பட வேண்டியவை பவர் போர்டில் மின்சாரத்தைத் தேக்கித் தரும், விலை மலிவான கெப்பாசிட்டர்கள். அடுத்தது, விளக்குக்கு உயர் மின்னழுத்தம் தரும் இன்வெர்ட்டர் பகுதியின் டிரான்ஸ்ஃபார்மர். அதற்கும் பிறகுதான் பேனலுக்குள் இருக்கும் டியூப், அதாவது குழல்விளக்கு. பலர் இந்த வரிசையைத் தலைகீழாகப் பிடித்து, எடுத்த எடுப்பில் பேனலைப் பிரித்து, நன்றாக இருந்த ஒரே பாகத்தையும் கெடுத்துவிடுகிறார்கள். வெளியிலிருந்து உள்ளே போங்கள். பேனலைத் திறப்பது கடைசி வேலையாக இருக்கட்டும்.

அந்த இரண்டு நொடி எங்கிருந்து வருகிறது என்று புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் எளிது. எல்சிடி திரைக்குச் சொந்தமாக வெளிச்சம் கிடையாது. பின்னால் எரியும் விளக்கின் (பேக்லைட்) ஒளியைத் தேவையான இடத்தில் விடுவதும் மறைப்பதும்தான் அதன் வேலை. 2010-ஐ ஒட்டிய ஆண்டுகள் வரை வந்த மானிட்டர்களில் அந்த விளக்கு பெரும்பாலும் சிசிஎஃப்எல் எனும் மெல்லிய குழல்விளக்கு. நம் வீட்டு டியூப்லைட்டின் தம்பிதான். ஆனால் தடிமன் பால்பாயின்ட் பேனா ரீஃபில் அளவே இருக்கும், இழையும் கிடையாது. 17, 19 அங்குலத் திரைகளில் வழக்கமாக நான்கு இருக்கும், மேல் விளிம்பில் இரண்டு, கீழ் விளிம்பில் இரண்டு. இது பற்றிக்கொள்ள ஆயிரம் வோல்ட்டுக்கு மேல் வேண்டும். பற்றிய பிறகு 600 முதல் 800 வோல்ட்டில் 5 முதல் 8 மில்லிஆம்பியர் எடுத்துக்கொண்டு எரியும். பவர் சப்ளையிலிருந்து வரும் 12 முதல் 18 வோல்ட் டிசியை 40 முதல் 60 கிலோஹெர்ட்ஸ் வேகத்தில் வெட்டி, சின்ன டிரான்ஸ்ஃபார்மரில் ஏற்றி, அந்த உயர் மின்னழுத்தத்தைத் தருவதுதான் இன்வெர்ட்டர்.

இன்வெர்ட்டரில் இருக்கும் ஐசி (கட்டுப்பாட்டுச் சில்லு) ஒவ்வொரு டியூப்பிலும் மின்னோட்டம் போகிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்கும். நான்கில் ஒன்றில் ஓடாவிட்டாலும் ஒரு சின்ன டைமர் கெப்பாசிட்டர் நிரம்பத் தொடங்கும். ஒன்றிரண்டு நொடியில் அது நிரம்பியதும் ஐசி நான்கையும் அணைத்துப் பூட்டிக்கொள்ளும். பட்டனை அணைத்துப் போட்டால்தான் பூட்டு திறக்கும். ஆக, இரண்டு நொடி எரிந்து அணைகிறது என்றால் இன்வெர்ட்டர் உயிரோடு இருக்கிறது, ஐசி வேலை செய்கிறது, மெயின் போர்டிலிருந்து 'எரி' என்ற கட்டளையும் வருகிறது என்று பொருள். ஒரு டியூப்புக்குப் போதிய மின்சாரம் கிடைக்கவில்லை, அல்லது டியூப் அதை வாங்கவில்லை. இதில் எது என்று கண்டுபிடிப்பதுதான் மொத்த வேலையும்.

திறப்பதற்கு முன்

அறையை இருட்டாக்குங்கள். திரை கறுத்த பிறகு ஒரு டார்ச்சைத் திரைக்கு மிக அருகே சாய்வாகப் பிடித்து அடியுங்கள். செல்போன் டார்ச் போதும். ஐகான்கள், மவுஸ் அம்பு எல்லாம் பேய்போல் மங்கலாகத் தெரிந்தால் பேக்லைட் பழுது உறுதி. எதுவுமே தெரியாவிட்டால் பழுது வேறு இடம். இந்தப் பதில் அதற்கு உதவாது. கறுக்கும் அதே நொடியில் பச்சை விளக்கு ஆரஞ்சாக மாறினாலோ கண்சிமிட்டத் தொடங்கினாலோ மானிட்டர் தூங்கப் போகிறது, அதாவது சிக்னல் வரவில்லை. அப்போது கேபிளையும் கணினியையும் பாருங்கள்.

இன்னும் இரண்டு தடயங்கள் வெளியிலிருந்தே கிடைக்கும். முதலாவது: காலையில் நாலைந்து முறை அணைத்துப் போட்ட பிறகு மெல்ல நிலைக்கிறது, நிலைத்துவிட்டால் நாள் முழுக்க எரிகிறது என்றால் கெப்பாசிட்டர்தான். வயதான கெப்பாசிட்டரின் உள்மின்தடை குளிர்ந்திருக்கும்போது அதிகம், சூடேற ஏறக் குறையும். மெனுவில் வெளிச்சத்தைக் குறைத்து வைத்தால் நிலைக்கிறது, கூட்டினால் அணைகிறது என்பதும் அதே கதைதான். இரண்டாவது: அணைவதற்கு முன் அந்த இரண்டு நொடியில் திரையின் மேல் விளிம்பையும் கீழ் விளிம்பையும் உன்னிப்பாகப் பாருங்கள். ஒரு பக்கம் மங்கலாகவோ, இளஞ்சிவப்பாகவோ இருந்தால் அந்தப் பக்க டியூப்பில் கோளாறு. எந்தப் பக்கம் என்று குறித்து வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

திறக்கும்போது

பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்குங்கள். பட்டனை அணைப்பது போதாது. மேசையில் மடித்த பெட்ஷீட்டைப் போட்டு மானிட்டரைத் திரை கீழே இருக்கும்படி கவிழ்த்து வையுங்கள். ஸ்டாண்டைக் கழற்றுங்கள். வெளியே தெரியும் ஸ்க்ரூக்கள் மூன்று நான்குதான் இருக்கும். மற்றதெல்லாம் பிளாஸ்டிக் கொக்கிகள். ஸ்க்ரூடிரைவரை நுழைத்து நெம்பினால் சட்டம் உடையும், கூடவே பேனலின் ஓரமும் போகும். பழைய ஏடிஎம் கார்டு ஒன்றைச் சட்டத்துக்கும் முதுகுக்கும் நடுவே செருகி, ஓரமாகவே நகர்த்திக்கொண்டு போனால் கொக்கிகள் ஒவ்வொன்றாகச் சொடுக்கிக்கொண்டு விடும். உள்ளே தகரப் பெட்டி ஒன்று இருக்கும். அதன் ஓரத்தில் டியூப்களுக்குப் போகும் வயர்கள், பொதுவாக ஒன்று இளஞ்சிவப்பு அல்லது நீலம், கூடவே வெள்ளை அல்லது கறுப்பு என்று ஜோடியாகச் செருகியிருக்கும். பிளாஸ்டிக்கைப் பிடித்து இழுங்கள், வயரைப் பிடித்து இழுக்காதீர்கள். கழற்றும் ஒவ்வொரு படியிலும் செல்போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

தகரப் பெட்டியைத் திறந்ததும் இரண்டு போர்டு தெரியும். சின்னது மெயின் போர்டு. பெரியதில் பவர் சப்ளையும் இன்வெர்ட்டரும் ஒன்றாக இருக்கும். கை வைப்பதற்கு முன் அதில் இருக்கும் மிகப் பெரிய கெப்பாசிட்டரைத் தேடுங்கள்: 400 அல்லது 450 வோல்ட், 100 முதல் 150 மைக்ரோஃபாரட் என்று எழுதியிருக்கும். 230 வோல்ட் மின்சாரத்தை நேராக்கினால் இதில் 325 வோல்ட் டிசி நிற்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும், குறிப்பாக போர்டு பழுதாக இருக்கும்போது, அந்த மின்சாரம் வெகுநேரம் தங்கியிருக்கலாம். இது உயிரை எடுக்கக்கூடியது. ஸ்க்ரூடிரைவரை வைத்து ஷார்ட் செய்வது கடைகளில் பார்க்கும் பழக்கம்தான்; ஆனால் பொறி பறந்து போர்டின் செம்புத் தடமே எரிந்துபோகும். 4.7 கிலோஓம், 5 வாட் ரெசிஸ்டர் ஒன்றின் இரு முனையிலும் இன்சுலேஷன் உள்ள வயரைப் பற்றவைத்து, கெப்பாசிட்டரின் இரு கால்களிலும் ஐந்து நொடி வையுங்கள். பிறகு மல்டிமீட்டரை டிசி 1000 வோல்ட்டில் வைத்து அளந்து பார்த்து, 10 வோல்ட்டுக்குக் கீழே வந்த பிறகு போர்டைக் கையில் எடுங்கள்.

கெப்பாசிட்டர்கள்

நீங்கள் தேடுவது பெரியதை அல்ல. அதற்கு எதிர்ப்பக்கம், டிரான்ஸ்ஃபார்மரைத் தாண்டி, வயர்கள் வெளியே போகும் பக்கத்தில் வரிசையாக நிற்கும் சின்னவற்றை: 1000 மைக்ரோஃபாரட் 25 வோல்ட், 680 மைக்ரோஃபாரட் 25 வோல்ட், 470 மைக்ரோஃபாரட் 25 வோல்ட், 5 வோல்ட் பக்கத்தில் 1000 மைக்ரோஃபாரட் 10 வோல்ட் என்று நாலைந்து இருக்கும். தலையில் இருக்கும் கோடு போட்ட தகடு தட்டையாக இருக்க வேண்டும். விரல் நுனியால் தடவிப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத மேடுகூட விரலுக்குத் தெரியும். உப்பியிருந்தால், தலையில் பழுப்பு நிறத்தில் பொருக்குத் தட்டியிருந்தால், அடியிலிருந்த ரப்பர் வெளியே தள்ளி ஆள் சாய்ந்து நின்றால் அது போய்விட்டது. உப்பாமலே கெட்டவையும் உண்டு. சாதாரண மீட்டரின் கெப்பாசிட்டர் அளவீட்டில் 1000-க்கு 940 என்று நல்ல பிள்ளைபோலக் காட்டும், ஆனால் உள்மின்தடையை (இஎஸ்ஆர்) அளக்கும் இஎஸ்ஆர் மீட்டரில் வைத்தால் 0.05 ஓம் இருக்க வேண்டிய இடத்தில் அரை ஓம், ஒரு ஓம் என்று வரும். இஎஸ்ஆர் மீட்டர் கையில் இல்லாவிட்டால் சந்தேகமே வேண்டாம், அந்தப் பக்கத்தில் இருக்கும் எல்லாவற்றையும் மாற்றிவிடுங்கள். ஒன்று உப்பியிருந்தாலும் அதன் கூடப் பிறந்தவையும் அதே சூட்டில் அத்தனை வருடம் இருந்தவைதான்.

இவை சாவது இயல்பு, வாங்கியவரின் தவறல்ல. 105 டிகிரியில் 2000 மணி நேரம் என்பது இவற்றுக்கு வழக்கமாகச் சொல்லப்படும் ஆயுள். சூடு பத்து டிகிரி குறைந்தால் ஆயுள் ஏறத்தாழ இரட்டிக்கும் என்பது கணக்கு. தகரப் பெட்டிக்குள் 75 டிகிரி இருந்தால் 16,000 மணி நேரம். தினம் எட்டு மணி நேரம் ஓடினால் ஐந்தரை வருடம். மின்விசிறிகூட இல்லாத அறையில், சுவரை ஒட்டி வைத்த மானிட்டருக்கு இன்னும் குறையும்.

வாங்கும்போது மைக்ரோஃபாரட் அதே அளவு, வோல்ட் அதே அல்லது ஒரு படி மேல், 105 டிகிரி, லோ இஎஸ்ஆர் வகை என்று கேட்டு வாங்குங்கள். சென்னை ரிச்சி தெருவில் "லோ இஎஸ்ஆர்" என்று சொன்னாலே எடுத்துத் தருவார்கள், ஆன்லைனிலும் கிடைக்கும். சாதாரண ரகத்தைப் போட்டாலும் மானிட்டர் அன்றைக்கு எரியும். ஆனால் இங்கே நொடிக்குப் பல்லாயிரம் முறை மின்சாரம் உள்ளே போய் வெளியே வருகிறது. உள்மின்தடை கூடுதலாக உள்ளது அந்த வேலையிலேயே சூடாகிச் சில மாதத்தில் மறுபடி உப்பும். உயரத்தையும் பாருங்கள்: தகரப் பெட்டிக்குள் இடம் கொஞ்சம்தான், நெட்டையான கெப்பாசிட்டரின் தலை பெட்டியில் முட்டும். 10 மில்லிமீட்டர் விட்டமுள்ளதற்குக் கால் இடைவெளி 5 மில்லிமீட்டர், 8 மில்லிமீட்டர் விட்டத்துக்கு 3.5.

பழையதைப் பிடுங்குவதற்கு முன்பே அதன் பட்டைக் கோடு எந்தப் பக்கம் என்று படம் எடுங்கள். பட்டை உள்ள கால் மைனஸ். போர்டில் நிழல் போட்ட அரைவட்டமும் பெரும்பாலும் மைனஸ்தான், ஆனால் எல்லா போர்டிலும் அப்படி இல்லை. பழையது நின்ற திசைதான் நம்பகமானது. மாற்றிப் போட்டால் வெடிக்கும். சால்டரிங் அயர்ன் 350 டிகிரி, ஒரு காலுக்கு மூன்று நான்கு நொடி. ஈயத்தை உறிஞ்சு குழலால் (சக்கர்) உறிஞ்சும் முன் கொஞ்சம் புது ஈயத்தை ஊட்டினால் பழைய ஈயம் சுலபமாக இளகும். மைனஸ் கால் அகலமான செம்புப் பரப்பில் இருப்பதால் சூட்டை இழுத்துக்கொள்ளும். அங்கே மட்டும் பொறுமை வேண்டும், நெம்பிப் பிடுங்கினால் துளையின் வளையமே கையோடு வந்துவிடும்.

போர்டைத் திருப்பியிருக்கும் அதே வேளையில் டிரான்ஸ்ஃபார்மர் கால்கள், வயர் சாக்கெட்டுகள் ஆகியவற்றின் ஈயத்தைப் பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். காலைச் சுற்றி நூல் போன்ற கறுப்பு வளையம் தெரிந்தால் அது டிரை சால்டர், அதாவது பிடிப்பு விட்ட ஈயம். சந்தேகப்படும் எல்லாக் கால்களுக்கும் புது ஈயம் வையுங்கள். இதற்குச் செலவு கிடையாது, இதிலேயே சரியான மானிட்டர்கள் உண்டு.

முதல் முறை மின்சாரம் கொடுக்கும்போது 60 வாட் குண்டு பல்பை லைனில் சீரிஸாகப் போடுங்கள். எங்காவது ஷார்ட் இருந்தால் பல்பு பளீரென்று எரியும், போர்டு தப்பிக்கும். பல்பு ஒரு கணம் மின்னி மங்கினால் சரி. பிறகு நேரடியாகக் கொடுக்கலாம். இன்வெர்ட்டருக்குப் போகும் 12 அல்லது 14 வோல்ட் லைனில் மீட்டரை வைத்துக்கொண்டு பட்டனை அழுத்துங்கள். வெளிச்சம் வரும் நொடியில் 14 என்பது 13.5 ஆவது இயல்பு. 9, 10 என்று சரிந்தால் பவர் சப்ளை இன்னும் சரியாகவில்லை, இன்வெர்ட்டரைக் குறை சொல்ல வேண்டாம்.

இங்கே ஓர் எச்சரிக்கை. டியூப் சாக்கெட்டில் மீட்டரை வைத்து "எத்தனை வோல்ட் வருகிறது" என்று பார்க்க நினைக்காதீர்கள். ஆயிரம் வோல்ட்டுக்கு மேல், அதுவும் 50 கிலோஹெர்ட்ஸில். மீட்டர் காட்டும் எண்ணும் பொய், மீட்டரும் போகும். விரல் பட்டால் சின்ன வெள்ளைப் புள்ளியாகச் சுடும். அது ஆழமான தீப்புண்.

கெப்பாசிட்டர் மாற்றியும் அணைந்தால்

இப்போது டியூப்பா, டிரான்ஸ்ஃபார்மரா என்று பிரிக்க வேண்டும். வெளியிலிருந்து குறித்து வைத்த 'மங்கலான பக்கம்' இங்கே உதவும். மானிட்டரை முழுவதும் அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, மேல் ஜோடி வயரைக் கீழ் சாக்கெட்டிலும் கீழ் ஜோடியை மேல் சாக்கெட்டிலும் மாற்றிச் செருகுங்கள், நீளம் எட்டினால். மறுபடி போட்டுப் பாருங்கள். மங்கல் பக்கம் மாறிவிட்டால் போர்டில் கோளாறு. அதே பக்கம் மங்கினால் டியூப்பில் கோளாறு. வயர் எட்டாவிட்டால் வேறு பழைய மானிட்டரின் நல்ல டியூப் ஒன்றை ஒவ்வொரு சாக்கெட்டாகச் செருகிப் பார்க்கலாம். நீளம் முன்னே பின்னே இருந்தாலும் சோதனைக்குப் போதும். இந்த வேலை செய்பவர்கள் நல்ல டியூப் ஒன்றிரண்டைப் பத்திரமாக வைத்திருப்பது இதற்காகத்தான். சோதனை ஓடும்போது டியூப் வயர்களின் வெற்று முனை எதிலும் படக்கூடாது, கையில் பிடித்துக்கொண்டும் பார்க்கக்கூடாது.

டிரான்ஸ்ஃபார்மரை மின்சாரம் இல்லாமலே சோதிக்கலாம். டியூப் வயர்களைக் கழற்றிவிட்டு, உயர் மின்னழுத்தச் சுருளின் இரு கால்களுக்கு இடையே ஓம் அளவைப் பாருங்கள். சில நூறு ஓம் முதல் ஆயிரத்தைத் தாண்டியும் இருக்கும். தனி எண்ணுக்கு அர்த்தமில்லை. ஒரே போர்டில் இருக்கும் ஒரே மாதிரியான சுருள்களை ஒன்றோடொன்று ஒப்பிட வேண்டும். ஒன்று 910, அடுத்தது 900 என்றால் இரண்டும் நலம். ஒன்று 910, அடுத்தது 640 என்றாலோ, ஒன்று கம்பி அறுந்து அளவே காட்டாவிட்டாலோ குற்றவாளி கிடைத்துவிட்டது. முடியைவிட மெல்லிய கம்பி, உள்ளுக்குள்ளேயே கருகி ஷார்ட் ஆகியிருக்கும். அதே எண் அச்சடித்த டிரான்ஸ்ஃபார்மரைத்தான் போட வேண்டும். பழைய போர்டிலிருந்து பிடுங்கியதாக இருந்தாலும் பரவாயில்லை.

வெளிச்சம் இரண்டு நொடிகூட வராமல், தொடக்கத்திலிருந்தே இருட்டு என்றால் கதை வேறு. இன்வெர்ட்டர் பக்கத்துச் சின்ன பியூஸைச் சோதியுங்கள். போயிருந்தால் வெறும் பியூஸை மாற்றிப் பயனில்லை, அதை எரித்தது, மின்சாரத்தை வெட்டும் ஸ்விட்சாக வேலை செய்து ஷார்ட்டான மாஸ்ஃபெட் அல்லது டிரான்சிஸ்டர்தான். டிஎல்1451 ஐசியோடு வரும் ராயர் வகை இன்வெர்ட்டர்களில் 2எஸ்சி5707 டிரான்சிஸ்டர்கள் ஜோடியாக நிற்கும். ஒன்று போனாலும் இரண்டையும் மாற்றுங்கள், பக்கத்தில் இருக்கும் 0.22 மைக்ரோஃபாரட் ஃபிலிம் கெப்பாசிட்டரையும் அளந்து பாருங்கள். பியூஸ் நன்றாக இருந்தால் மெயின் போர்டிலிருந்து வரும் கேபிளில் பிஎல்-ஆன் (BL-ON) அல்லது இஎன்ஏ (ENA) என்று குறித்த, 'எரி' கட்டளை வரும் பின்னில் 3 முதல் 5 வோல்ட் வருகிறதா என்று பாருங்கள். வராவிட்டால் இன்வெர்ட்டரைத் தொட வேண்டாம், பழுது மெயின் போர்டில்.

ஐசியின் பாதுகாப்புப் பின்னைத் தரையோடு இணைத்துவிட்டால் அணையாமல் எரியும் என்று ஒரு 'வழி' வெகுகாலமாகச் சுற்றுகிறது. எரியும், உண்மை. ஆனால் டியூப் இல்லாத சாக்கெட்டில் மின்னழுத்தம் கட்டுப்பாடில்லாமல் ஏறி, டிரான்ஸ்ஃபார்மருக்குள் பொறி பறந்து பிளாஸ்டிக் கருகும். ஆள் இல்லாத அறையில் இரவெல்லாம் எரியும் பொருளில் இதைச் செய்யவே கூடாது. எந்தப் பக்கம் பழுது என்று பார்க்கச் சில நொடிகள்கூட இதைப் பயன்படுத்தாதீர்கள். மேலே சொன்ன மாற்றிச் செருகும் சோதனை அதே விடையைத் தரும்.

டியூப்தான் என்று உறுதியானால்

சில பேனல்களில் மேலும் கீழும் இருக்கும் டியூப் தொகுப்பு பக்கவாட்டில் உருவி எடுக்கும்படி இருக்கும். ஓரத்தில் ஒன்றிரண்டு குட்டி ஸ்க்ரூக்கள் அதற்காகவே இருக்கும். முதலில் அதைத் தேடுங்கள். இல்லாவிட்டால்தான் முழுப் பேனலையும் பிரிக்க வேண்டும்.

மின்விசிறியை நிறுத்துங்கள். தரையையும் மேசையையும் ஈரத்துணியால் துடைத்து, தூசி அடங்கட்டும். சட்டத்தைக் கழற்றியதும் மேலே இருப்பது கண்ணாடி. அதன் ஓரத்தில் நீளமான பச்சை போர்டும், அதைக் கண்ணாடியோடு இணைக்கும் மெல்லிய பழுப்புநிற ரிப்பன்களும் தெரியும். மொத்த வேலையிலும் ஆபத்தான இடம் இதுதான். ஒரு ரிப்பன் சிறிது மடங்கினாலும் திரையில் நிரந்தரமாகக் கோடு விழும், அதற்கு வீட்டில் வைத்தியம் கிடையாது. பச்சை போர்டைத் தொங்கவிடாமல், கண்ணாடியையும் போர்டையும் ஒரே தளத்தில் இரு கையாலும் தூக்கி, சுத்தமான துணிமேல் வையுங்கள். அடியில் இரண்டு மூன்று மெல்லிய தாள்கள், பிறகு தடித்த அக்ரிலிக் பலகை, அதன் அடியில் வெள்ளைத் தாள். தாள்களின் வரிசையும் திசையும் மாறினால் வெளிச்சம் பட்டை பட்டையாக விழும். எல்லாவற்றையும் ஒரே கட்டாக எடுத்து, ஒரு மூலையில் பென்சில் புள்ளி வையுங்கள். வாயால் ஊதாதீர்கள், எச்சில் துளி விழுந்தால் கறை. ரப்பர் ஊதி போதும்.

டியூப் 'ப' வடிவத் தகரத் தொட்டிக்குள் படுத்திருக்கும். முனைகள் கறுத்திருந்தால் வயதாகிவிட்டது. இரு முனையிலும் ரப்பர் தொப்பி இருக்கும், அதற்குள்தான் வயரைப் பற்றவைத்திருப்பார்கள். புது டியூப்பை வாங்கப் பழையதன் கண்ணாடி நீளத்தையும் தடிமனையும் அளந்துகொண்டு போங்கள். 17 அங்குலத்துக்கு 342 மில்லிமீட்டர், தடிமன் 2.4 அல்லது 2.6 என்று அளவுகள் கறாராக இருக்கும். நான்கில் ஒன்றை மட்டும் மாற்றினால் நிறம் ஒத்துப்போகாது. ஒரு தொட்டியில் இருக்கும் இரண்டையும் மாற்றுங்கள். டியூப்பில் மில்லிகிராம் கணக்கில் பாதரசம் இருக்கிறது. உடைந்தால் ஜன்னலைத் திறந்துவிட்டு அறையை விட்டுச் சிறிது நேரம் வெளியே போங்கள். துண்டுகளைத் துடைப்பத்தாலோ வேக்குவம் கிளீனராலோ எடுக்காமல், கெட்டி அட்டையால் அள்ளி, ஒட்டும் டேப்பால் மிச்சத்தை ஒற்றி, மூடியுள்ள டப்பாவில் போட்டு மின்னணுக் கழிவு வாங்குபவரிடம் கொடுங்கள். வீட்டுக் குப்பையில் போட வேண்டாம்.

டியூப் கிடைப்பது இப்போது அரிது. பேனலை இவ்வளவு தூரம் பிரித்த பிறகு எல்இடி கிட் போடுவதே என் பரிந்துரை. இரண்டு எல்இடி பட்டைகளும் ஒரு சின்ன டிரைவர் போர்டும் வரும். பட்டையை மூன்று எல்இடிக்கு ஒரு இடத்தில் வெட்டலாம். தொட்டியின் நீளத்துக்கு வெட்டி, டியூப்கள் இருந்த இடத்தில், எல்இடிகள் அக்ரிலிக் பலகையின் விளிம்பைப் பார்க்கும்படி ஒட்ட வேண்டும். வெட்டிய முனையின் செம்பு தகரத் தொட்டியில் படாமல், சூடு தாங்கி மின்சாரத்தைத் தடுக்கும் கேப்டான் டேப் ஒட்டுங்கள். டிரைவருக்கு நான்கு வயர்: பிளஸ், தரை, இஎன்ஏ, டிம் (DIM, வெளிச்ச அளவுக்கு). பிளஸை இன்வெர்ட்டருக்குப் போன 12–18 வோல்ட் லைனில் கொடுங்கள். ஒரு டியூப்புக்கு 5 வாட் என்று நான்குக்கு 20 வாட் சுமந்த லைன் அது, எல்இடிக்குத் தாராளம். இஎன்ஏ, டிம் இரண்டும் மெயின் போர்டின் அதே பெயருள்ள பின்களுக்கு. வெளிச்சத்தைக் கூட்டினால் குறைகிறது என்று தலைகீழாக வேலை செய்தால் டிம் வயரை அங்கிருந்து எடுத்து இஎன்ஏவோடு சேர்த்துவிடுங்கள். வெளிச்சம் முழு அளவில் நிற்கும், மெனுவில் கான்ட்ராஸ்டைக் குறைத்துக்கொள்ளலாம். பழைய இன்வெர்ட்டரின் பியூஸைக் கழற்றிவிட மறக்காதீர்கள், இல்லாவிட்டால் டியூப் இல்லாத சாக்கெட்டுகளுக்கு அது ஒவ்வொரு முறையும் ஆயிரம் வோல்ட் அனுப்பிப் பார்க்கும். திரை கொஞ்சம் நீலம் பாய்ந்து தெரியும். மெனுவில் நீலத்தைக் குறைத்தால் சரியாகும்.

எல்இடி மானிட்டராக இருந்தால்

இதே அறிகுறி எல்இடி மானிட்டரிலும் வரும், காரணமும் ஏறக்குறைய அதே. இங்கே டியூப்புக்குப் பதில் ஒரு விளிம்பில் நீளமான எல்இடி பட்டை. பத்துப் பன்னிரண்டு எல்இடிகள் ஒரு சரமாக, இரண்டு முதல் நான்கு சரங்கள். ஓர் எல்இடிக்கு 3 வோல்ட்டுக்குக் கொஞ்சம் மேல், ஆகப் பத்துக்கு 30 முதல் 33 வோல்ட். 12 அல்லது 19 வோல்ட்டை அதற்கு உயர்த்துவது பூஸ்ட் பகுதி: ஒரு கம்பிச் சுருள் (காயில்), மாஸ்ஃபெட், ஷாட்கி டையோடு, 63 அல்லது 100 வோல்ட் கெப்பாசிட்டர்.

இங்கே மீட்டர் வைத்து அளக்கலாம் என்பது பெரிய வசதி. பூஸ்ட் கெப்பாசிட்டரில் வைத்துக்கொண்டு பட்டனை அழுத்துங்கள். உள்ளே வரும் வோல்ட்டேஜிலேயே நின்றால் பூஸ்ட் தொடங்கவே இல்லை. பியூஸ், மாஸ்ஃபெட், இஎன்ஏ ஆகியவற்றைப் பாருங்கள். பூஜ்யம் என்றால் பியூஸ் போயிருக்கும் அல்லது காயில் அறுந்திருக்கும். விர்ரென்று வழக்கத்தைவிட மிக மேலே ஏறி விழுந்தால் ஒரு சரம் அறுந்திருக்கிறது, ஐசி மின்சாரத்தைத் தள்ளிப் பார்த்துவிட்டுப் பூட்டிக்கொண்டது. அப்போது பேனலுக்குப் போகும் ஆறு பின் சாக்கெட்டைக் கழற்றி, சரம் சரமாக எல்இடி டெஸ்டரில் எரித்துப் பாருங்கள். மீட்டரின் டையோடு சோதனை இதற்குப் பயன்படாது, அதில் 3 வோல்ட் அளவுதான் வரும். எல்லாச் சரமும் எரிந்து, ஒன்றில் மட்டும் 3 வோல்ட் குறைவாக இருந்தால் அதில் ஓர் எல்இடி உள்ளுக்குள் ஷார்ட்.

ஒரே ஓர் எல்இடி அறுந்திருந்தால் அதன் இரு முனையையும் வயரால் இணைத்து ஓட்டலாம். அந்த இடத்தில் விளிம்பில் கொஞ்சம் நிழல் விழும், சரத்தின் 3 வோல்ட் வித்தியாசத்தை ஐசி சூடாகத் தாங்கிக்கொள்ளும். ஒரே சரத்தில் இரண்டாவது எல்இடிக்கும் இதைச் செய்யாதீர்கள், பட்டையையே மாற்றுங்கள். புதுப் பட்டையில் எல்இடிகளின் எண்ணிக்கை, சரங்களின் எண்ணிக்கை, அகலம், பின் வரிசை நான்கும் ஒத்திருக்க வேண்டும். பழைய பட்டை சட்டத்தோடு சூடு கடத்தும் டேப்பால் ஒட்டியிருக்கும். புதியதையும் அப்படியே ஒட்டுங்கள். சாதாரண இருபக்க டேப் சூட்டை வெளியே விடாது, எல்இடிகள் அடுத்த ஆண்டே மஞ்சளாகும். வெளிச்சத்தை 100-லேயே வைத்திருந்த மானிட்டர் என்றால் இனி 60, 70-ல் வையுங்கள்.

பழுது எதுவாக இருந்தாலும், சட்டத்தை மூடும் முன் தகரப் பெட்டியை மட்டும் மூடி, முழு வெளிச்சத்தில் இரண்டு மணி நேரம் ஓடவிடுங்கள். அதன் பிறகு அணைத்து, ஆறவிட்டு, மறுநாள் காலை குளிர்ந்த நிலையில் ஒரு முறை போட்டுப் பாருங்கள். முதல் அழுத்தலிலேயே நின்றால் கொக்கிகளை அழுத்தி மூடலாம்.